பார்க் ஸ்டேஷன் இருக்கிறது; பார்க் எங்கே?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே, சாலையைக் கடந்தால், மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையம் இருக்கிறது. அதன் பெயர் பார்க் ஸ்டேஷன். சற்றுத் தள்ளி இன்னொரு நிலையம். அதன் பெயர் பார்க் டவுன். அந்த வட்டாரத்தில் இருப்பவருக்குக் கடிதம் போட்டால் விலாசத்திலும் பார்க் டவுன் என்றுதான் எழுத வேண்டும்.

வெளியூரிலிருந்து முதன் முதலாகப் பட்டணம் பார்க்க வரும் சிறுவன் ரயிலை விட்டு இறங்குகிறான். பலகையைப் படிக்கிறான். சுற்றும் முற்றும் பார்க்கிறான்.

"அப்பா, பார்க் எங்கே?"

அப்பா என்ன சொல்வார்? பஸ்கள் ஓடுகின்றன. ஆட்டோக்கள் ஓடுகின்றன. பூமிக்குள்ளே மெட்ரோ ரயில் ஓடுகிறது. பார்க்கை மட்டும் காணோம்!

ஆனால் பையன் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அங்கே ஒரு பூங்கா இருந்தது. சின்னப் பூங்கா அல்ல. 116 ஏக்கர்! கிரவுண்டுக் கணக்கில் சொன்னால் 2,000 கிரவுண்டுக்கு மேல். இன்று கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவைப் போல 14 பூங்காக்களை அதற்குள் அடக்கி விடலாம்.

அந்தப் பூங்காவுக்கு 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர். மக்கள் பூங்கா என்று அர்த்தம். அது எப்படிப் பிறந்தது, எப்படி மறைந்தது என்பது சுவையான கதை. கொஞ்சம் வருத்தமான கதையும்கூட.

வரி வேண்டாம் என்ற கவர்னர்

1859-ம் ஆண்டு சர் சார்லஸ் டிரெவெல்யன் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். அப்போது ஜனங்கள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த இடம் கோட்டைக்கு வடக்கே இருந்த 'கறுப்பர் நகரம்'. இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. சந்து சந்தாகத் தெருக்கள். வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும். காற்று வராது. குழந்தைகள் ஓடியாட இடம் கிடையாது.

இந்த ஜனங்கள் மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்று டிரெவெல்யன் நினைத்தார். நகரத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த நிலத்தைப் பூங்காவுக்குத் தேர்ந்தெடுத்தார். துரைமார்களின் கிளப்புகளுக்கும் மாளிகைகளுக்கும் பெரிய பெரிய தோட்டங்கள் அப்போதே இருந்தன. சாதாரண ஜனங்களுக்கென்று இவ்வளவு விஸ்தாரமான தோட்டம் அமைந்தது பெரிய விஷயம்தான். பெயரிலேயே 'மக்கள்' என்று வந்துவிட்டது அல்லவா?

ஆனால் தாம் திட்டமிட்ட பூங்கா வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை. 1860-ல் இந்தியாவுக்கு வருமான வரி வந்தது. கல்கத்தாவில் இருந்த நிதி மந்திரி ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டு வந்தார். டிரெவெல்யன் அதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்கவில்லை. தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்துவிட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தர், சர்க்கார் கொள்கையை ஊரறிய எதிர்ப்பதா? லண்டனில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. "திரும்பி வா!" என்று உத்தரவு வந்தது. பதவிக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. கவர்னர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

வரியும் நிலைத்தது. பூங்காவும் நின்றது. இரண்டில் வரிக்குத்தான் ஆயுசு கெட்டி!

11 குளங்கள்

பூங்காவுக்குள் 11 குளங்கள் இருந்தன. ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள் போட்டார்கள். கிட்டத்தட்ட 9 கிலோ மீட்டர்! ஒரு நாள் மாலையில் நடந்து முடித்துவிட முடியாது. குளிப்பதற்குப் பொதுக் குளியல் துறை. டென்னிஸ் ஆட இரண்டு மைதானங்கள். பாண்டு வாத்தியம் வாசிக்கத் தனி மேடை.

வானொலி இல்லாத காலம் அது. கிராமபோன் பெட்டிகூட வரவில்லை. வாத்திய இசையைக் காசில்லாமல் கேட்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். அல்லது கல்யாண வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில், மரத்தடியில் உட்கார்ந்து பாண்டு கேட்பது என்றால் ஜனங்களுக்கு எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும்!

இதற்கெல்லாம் மேலான வேடிக்கை 1863-ல் வந்தது. அதுதான் மிருகக்காட்சி சாலை.

உயிர்க் காலேஜ், செத்த காலேஜ்

எட்வர்ட் பால்ஃபர் என்பவர் ஒரு டாக்டர். எழும்பூர் மியூசியத்துக்கு அவர் தலைவராக இருந்தார். மியூசியத்தில் உயிருள்ள சில மிருகங்களையும் வைத்திருந்தார்கள். அவர் ஒன்றைக் கவனித்தார். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பொருள்களைவிட, கூண்டுக்குள் உறுமும் மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் முண்டியடித்தார்கள்!

'சரி, அதையே பெரிதாகச் செய்வோம்' என்று 1855-ல் ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். ஆற்காட்டு நவாப் தம்மிடம் இருந்த மிருகங்களை அதற்குக் கொடுத்தார். ஓராண்டுக்குள் மிருகங்கள், பறவைகள், ஊர்வன எல்லாமாகச் சேர்ந்து 300-க்கு மேல் ஆகிவிட்டன. மியூசியத்தில் இடம் போதவில்லை. நகரசபை அதை ஏற்றுக்கொண்டு, 1863-ல் மக்கள் பூங்காவுக்கு மாற்றியது. இந்தியாவின் மிகப் பழைய மிருகக்காட்சி சாலைகளில் அது ஒன்று.

மிருகக்காட்சி சாலை என்ற நீளமான பெயர் சென்னை ஜனங்களின் வாயில் நுழையவில்லை. மியூசியத்தில் இருப்பவை பாடம் செய்த புலியும் எலும்புக் கூடும். எனவே அது 'செத்த காலேஜ்'. பூங்காவில் இருப்பவை உறுமும் புலியும் கத்தும் குரங்கும். எனவே இது 'உயிர்க் காலேஜ்'. படித்தவர்கள் வைத்த எந்தப் பெயரும் இவ்வளவு பொருத்தமாக அமையவில்லை.

நாலு தலைமுறைக்கு உயிர்க் காலேஜ்தான் பட்டணத்தின் அதிசயம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சமுத்திரம் பார்ப்பார்கள், செத்த காலேஜ் பார்ப்பார்கள், உயிர்க் காலேஜ் பார்ப்பார்கள். ஊர் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து, சிங்கம் கொட்டாவி விட்ட கதையைப் பத்து நாள் சொல்வார்கள். சென்ட்ரலில் இறங்கியவர்களுக்கு வண்டிச் சத்தமும் மிச்சம். நடந்தே போய்விடலாம்.

அந்த டிசம்பர் 31

ஆண்டுதோறும் டிசம்பர் மாதக் கடைசியில் பூங்காவில் ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். 'பார்க் ஃபேர்' என்று அதைச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ், புது வருஷ விடுமுறை. கடைகள், வேடிக்கைகள், விளக்குகள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருவார்கள்.

1886-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. வருஷத்தின் கடைசி நாள். கண்காட்சியில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் தீப்பிடித்தது.

400 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

புது வருஷத்தை வரவேற்க வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. சென்னை நகரத்தின் வரலாற்றில் மிகக் கோரமான தீ விபத்துகளில் ஒன்று அது. ஆனாலும் இன்று சென்ட்ரலுக்குள் நுழைந்து வெளிவரும் லட்சக்கணக்கானவர்களில், அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பூங்கா அந்தத் தீயையும் தாங்கிக் கொண்டது. அதைத் தாங்க முடியாமல் செய்தது வேறு விஷயம்.

முதல் துண்டு

சென்னைக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று நகரப் பிரமுகர்கள் நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜுவும் மற்றவர்களும் பணம் கொடுத்தார்கள். இடம்? மக்கள் பூங்காவில் 57 கிரவுண்டை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 116 ஏக்கரில் அது 3 ஏக்கரை ஒட்டித்தான் வரும். கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சிஷோம் என்ற கட்டிடக் கலை நிபுணர் வரைபடம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். சிவப்புச் செங்கல் மண்டபம் கம்பீரமாக எழுந்தது. 1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா வந்ததால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அந்த மண்டபத்தின் புகழைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்கள் போட்டது. நாடகம் என்றால் கூத்தாடிகள் வேலை என்று முகம் சுளித்த காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அந்த மேடையில் வேஷம் கட்டினார்கள். திரையில் ஓடுகிற படம் என்ற புதுமையைச் சென்னை ஜனங்கள் வாய் பிளந்து பார்த்த தொடக்க நாட்களோடும் அந்த மண்டபத்தின் பெயர் சேர்ந்திருக்கிறது.

மண்டபம் நல்லது. பூங்காவுக்கு நேர்ந்ததில் விசித்திரமே அதுதான். அதை விழுங்கியவை எல்லாம் நல்ல காரியங்களே!

'எல்லாம் கிடைக்கும்'

அடுத்து வந்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலாகிவிட்டது. புதுச் சந்தைக்கு இடம் தேவை. நகரசபைத் தலைவர் சர் ஜார்ஜ் மூர், 1898-ல் மக்கள் பூங்காவில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1900-ல் கட்டி முடித்துத் திறந்தார்கள். பூங்காவில் இன்னொரு துண்டு குறைந்தது.

மூர் மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். பழைய புத்தகம், இசைத் தட்டு, கிளி, முயல், பொம்மை, பீங்கான், கடிகாரம். "அப்பா, அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கையில் காசில்லாத மாணவன் பாடப் புத்தகம் வாங்கியது அங்கே. படித்து முடித்து அதே புத்தகத்தை விற்றதும் அங்கே. பேரம் பேசத் தெரியாதவன் ஏமாந்து போனதும் அங்கேதான்!

காவல்காரரே குடி வந்தார்

பூங்காவைப் பராமரித்தது நகரசபை. அந்த நகரசபை எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. அங்கே இடம் போதவில்லை. புதுக் கட்டிடத்துக்கு இடம் தேடினார்கள். வெகு தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. தங்கள் பொறுப்பிலேயே இருந்தது மக்கள் பூங்கா!

1909-ல் வைசிராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் கட்டினார். ஏழரை லட்சம் ரூபாய் செலவு. 1913-ல் திறப்பு விழா நடந்தது. உள்ளாட்சிக்கு வழி வகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெள்ளை வெளேர் என்று, கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் ரிப்பன் மாளிகையைப் பார்த்து மயங்காதவர் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லலாமா? சொன்னால் கொஞ்சம் கடுமைதான். அன்றைக்கு ஊரைச் சுற்றி வெற்றிடம் நிறையக் கிடந்தது. மரமும் குளமும் ஒரு நாள் தங்கத்தை விட அருமையாகும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? ஆனால் வெற்றிடம் அவ்வளவு கிடந்தபோது, பூங்காவிலேயே கை வைப்பானேன் என்ற கேள்வியும் இருக்கிறது.

413 ஓட்டங்கள்

பூங்காவின் இன்னொரு பக்கம் விளையாட்டு அரங்கமாயிற்று. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அன்று சொன்னார்கள். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன.

முதல் பந்தயத்திலேயே ஓர் உலக சாதனை! 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. மறுநாள்தான் ஜோடி பிரிந்தது. அதற்குள் இருவரும் சேர்ந்து குவித்தது 413 ஓட்டங்கள். மன்கட் மட்டும் 231. ராய் 173. முதல் விக்கெட்டுக்கு எடுத்த அந்த ஓட்டங்களை 52 வருஷங்களுக்கு உலகத்தில் யாரும் தாண்டவில்லை. 2008-ல் தென்னாப்பிரிக்க ஜோடி ஒன்று 415 எடுத்துத்தான் முறியடித்தது.

அதே இடத்தில் 1993-ல் புதிய நேரு ஸ்டேடியம் எழுந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. இன்று கால்பந்து ரசிகர்களின் ஆரவாரம் கேட்கிறது.

இரண்டு மாதத்தில் இரண்டு பிரிவு

1985-ம் ஆண்டு மக்கள் பூங்காவுக்குப் பொல்லாத ஆண்டு.

மே மாதம் 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. 85 வருஷச் சந்தை சாம்பலாயிற்று. அந்த இடத்தை ரயில்வே ஏற்கெனவே கேட்டுக் கொண்டிருந்தது. பின்னர் அங்கே புறநகர் ரயில் முனையம் வந்தது. ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் இப்போது ஓடுவது பழைய புத்தகக் கடைகள் இருந்த இடத்தில்தான். ரயில்வேக்காரர்கள் அந்த முனையத்துக்கு இன்னும் 'மூர் மார்க்கெட்' என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். சந்தை போன பிறகும் பெயர் போகவில்லை.

கடைக்காரர்களுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். எங்கே? பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில்! குளத்தைத் தூர்த்து எழுப்பிய கட்டிடத்துக்கு 'அல்லிக்குளம் வணிக வளாகம்' என்று பெயர். அந்தக் கட்டிடத்தில் கோர்ட்டுகளும் நடந்தன. "அல்லிக்குளம் கோர்ட்டுக்குப் போகணும்" என்று ஆட்டோவில் ஏறியவர்களுக்கு, அங்கே அல்லி பூத்த குளம் ஒன்று நிஜமாகவே இருந்தது என்பது தெரிந்திருக்குமோ என்னவோ.

அதே 1985, ஜூலை மாதம் 24-ந் தேதி. வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர். உயிர்க் காலேஜ் ஜாகை மாறிவிட்டது.

மிருகங்களின் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல மாற்றம். பூங்காவில் அவை சிறிய கூண்டுகளில் அடைபட்டு, ரயில் சத்தத்துக்கும் பஸ் புகைக்கும் நடுவே கிடந்தன. வண்டலூரில் ஒதுக்கிய காட்டு நிலம் 1,265 ஏக்கர். மக்கள் பூங்கா முழுவதையும் போலப் பத்து மடங்குக்கு மேல்! சிங்கத்துக்கு உலாவ இடம் கிடைத்தது. மான்களுக்கு மர நிழல் கிடைத்தது.

ஜார்ஜ் டவுன் சந்தில் இருக்கும் குழந்தைக்கு? அதற்கு முன்பு நடந்து போகும் தூரத்தில் இருந்தது சிங்கம். இப்போது சுமார் 30 கிலோ மீட்டர் போக வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் புறப்பட வேண்டும். எந்த ஜனங்கள் மூச்சு விடுவதற்காக டிரெவெல்யன் அந்த நிலத்தை ஒதுக்கினாரோ, அவர்களின் பேரன் பேத்திகள் அதே சந்துகளில் இருக்கிறார்கள். நெருக்கடி அன்றைவிட இன்று அதிகம்.

தண்ணீர் மறக்கவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை கொட்டும்போது அந்தப் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கும். ஸ்கூட்டர்கள் நின்று போகும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் சென்ட்ரலுக்கு நடப்பார்கள். மாநகராட்சி லாரிகள் தண்ணீரை இறைக்கும்.

அந்த வட்டாரத்தில் 11 குளங்கள் இருந்தன என்பதை மனிதர்கள் மறந்துவிட்டார்கள். தண்ணீர் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது.

மிச்சம் இருப்பவை

அப்படியானால் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி, ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று வரலாம்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால் முதலில் விக்டோரியா மண்டபம். அடுத்து ரிப்பன் மாளிகை. இரண்டையும் சாலையில் நின்றே கண் குளிரப் பார்க்கலாம். மேலும் போய் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தால் மை லேடீஸ் பூங்கா. மலர்க் கண்காட்சிகளுக்கு ஒரு காலத்தில் பேர் போன தோட்டம் அது. 116 ஏக்கரில் பூங்காவாகவே தப்பிப் பிழைத்த துண்டு.

விக்டோரியா மண்டப வளாகத்தில் ஒரு பழைய குடிநீர் ஊற்று மேடை உண்டு. வேலைப்பாடு மிகுந்த அது, டிரெவெல்யனின் ஞாபகார்த்தமாக அமைத்தது. ஊரைவிட்டு அனுப்பப்பட்ட கவர்னர், பூங்காவின் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறார்.

கடைசியாக, குழந்தைகளுக்குப் பிடிக்கக் கூடியது ஒன்று. புறநகர் ரயில் முனையத்தின் பக்கம், கார்கள் நிறுத்தும் இடத்தில், மூர் மார்க்கெட்டைப் பொம்மை போலச் சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதே சிவப்பு, அதே வளைவுகள். அதைச் சுற்றிக் கொஞ்சம் செடிகள், கொஞ்சம் பூக்கள். நாலு எட்டில் சுற்றி வந்துவிடலாம்.

"பார்க் எங்கே?" என்று கேட்ட பையனுக்கு அதைக் காட்டலாம். ஆனால் ஒலிபெருக்கியில் ரயில் அறிவிப்பு வந்துவிட்டால், அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.